விலைச்சீட்டு இல்லாத கனவு

புதையல் என்னும் சொல்லோடு திருவனந்தபுரத்தின் பெயரை உலகம் இணைத்துப் பேசத் தொடங்கியது 2011-ஆம் ஆண்டில். உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டு, உள்ளிருந்த பொன்னும் மணியும் கணக்கெடுக்கப்பட்ட செய்தி அப்போது நாடெங்கும் பரவியது. அதன்பின் 2019 டிசம்பரில், இம்மாவட்டத்தின் கிளிமானூருக்கு அருகே பயிரிடுவதற்காக மண்ணைக் கொத்தியபோது ஒரு பானை நிறையத் திருவிதாங்கூர் காலத்துச் செப்புக்காசுகள் வெளிப்பட்டன. அவற்றின் எடை 20 கிலோவுக்கும் மேல். இத்தகைய செய்திகளைப் படிக்கும் எவருக்கும் தம் காலடியிலும் ஏதேனும் கிடக்குமோ என்ற ஆவல் எழுவது இயல்பே. அந்த ஆவலுக்கு விலை கூறும் வணிகம் ஒன்று இன்று நம் கைப்பேசித் திரைகளில் வளர்ந்துவருகிறது. உலோகம் கண்டறியும் கருவிகளின் விற்பனையைத்தான் குறிப்பிடுகிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேற்கண்ட இரு நிகழ்வுகளிலும் எந்தக் கருவிக்கும் பங்கில்லை. கோயிலின் செல்வம் தொலைந்து கிடந்ததன்று. தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு, ‘மதிலகம்’ ஏடுகளில் கணக்கு எழுதப்பட்டு வந்தது. கிளிமானூர்க் காசுகளை வெளிக்கொணர்ந்தது மண்வெட்டி. புதையல் செய்திகளைக் காட்டிக் கருவி விற்பவர் இவ்விரண்டையும் சொல்லமாட்டார்.

பொழுதுபோக்காக இக்கருவியைக் கையாள்வதை நாம் குறைகூறவில்லை. தோட்டத்தில் விழுந்த மோதிரத்தைத் தேடுவதற்கும், புதைந்துபோன குழாயின் தடத்தை அறிவதற்கும், பிள்ளைகளுக்கு மின்காந்தவியலைக் கண்முன் காட்டுவதற்கும் இது நல்ல துணை. நம் முறையீடு விற்கப்படும் முறையைப் பற்றியது. வாடிக்கையாளர்களின் சேமிப்பு கரையும் வழிகளுள் இதுவும் ஒன்று என்பதால், வங்கி இதழ் ஒன்றில் இதைப் பேசுவது பொருத்தமே.

முதற்குறை, விலையை மறைப்பது. இணையத்தில் இக்கருவிகளைத் தேடுவோர், படத்தின் கீழ் விலைக்குப் பதிலாக ‘விலைக்கு அழைக்கவும்’ என்ற வரியைக் காண்பது வழக்கமாகிவிட்டது. அழைப்பவரிடம் முதலில் கேட்கப்படுவது ஊர், தொழில், என்ன தேடுகிறீர்கள் என்பவையே. விலை அதன்பின் வருகிறது. கேட்பவரின் ஆசையை அளந்து சொல்லப்படும் விலை, பொருளின் விலையாக இருக்க முடியாது. வேறு சிலர், எவரும் என்றும் கொடுத்திராத பெருந்தொகை ஒன்றை எழுதி, அதை அடித்துவிட்டு, பாதி விலை என்று காட்டுகின்றனர். இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள்.

சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொதியப்பட்ட பண்டங்கள்) விதிகளின்படி, சில்லறை விற்பனைக்கு வரும் பொதியில் எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அயல்நாட்டுப் பொருளாயின் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், பொருள் உருவான நாடும் இருக்க வேண்டும். அந்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்குவதும் குற்றம். 2018 ஜனவரி முதல் இணைய விற்பனையாளர்களும் இவ்விவரங்களைத் திரையில் காட்டக் கடமைப்பட்டவர்கள். பொழுதுபோக்குக் கருவிகளுள் பெயர்பெற்றவை பெரும்பாலும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, துருக்கி, பிரான்ஸ் முதலிய நாடுகளின் நிறுவனங்களுடையவை. சுங்க வரி, போக்குவரத்து, முகவரின் ஆதாயம் ஆகியவை சேர்ந்து அவற்றின் விலை உயர்வதில் வியப்பில்லை. உயர்ந்த விலையை நாம் பழிக்கவில்லை. எழுதப்படாத விலையைத்தான் பழிக்கிறோம்.

இரண்டாவது குறை, கருவியின் திறனை மிகைப்படுத்துவது. இதை உணர, கருவி இயங்கும் விதத்தைச் சற்றே அறிதல் நலம். கருவியின் சுருளில் பாயும் மாறுமின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல்மின்னோட்டம் தோன்றி, தன் பங்குக்கு ஒரு மெல்லிய புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. அம்மெல்லிய எதிரொலியைக் கேட்பதே கருவியின் வேலை. போகும்போதும் வரும்போதும் புலம் தேய்வதால், சுருளின் அகலத்தைக் காட்டிலும் தொலைவில் உள்ள ஒரு சிறு பொருளின் ஆழம் இருமடங்கானால், எதிரொலி ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் நடுத்தர விலையுள்ள நல்ல கருவிக்கும் ஒரு நாணயத்தை 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் காண்பதே பெரும்பாடு. இருமடங்கு பணம் கொடுத்தால் இருமடங்கு ஆழம் கிடைக்கும் என்று இயற்கை எவருக்கும் வாக்களிக்கவில்லை. ‘பல மீட்டர் ஆழத்தில் தங்கம் மட்டும்’ என்னும் விளம்பரத்தைக் கண்டால் பணப்பையை மூடிவிடலாம். ஒரு தங்க மோதிரமும் கசங்கிய அலுமினியத் தாளும் கருவியின் காதுக்கு ஏறக்குறைய ஒரே குரலில்தான் பேசும்.

இங்கே திருவனந்தபுரத்துக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. இந்நாட்டின் மண் வெட்டுக்கல் மண். பிரான்சிஸ் புக்கானன் 1807-இல் ‘லேட்டரைட்’ என்று உலகுக்குப் பெயரிட்டு அறிவித்த பாறை, கேரளத்து அங்காடிப்புரத்தில் அவர் கண்டதே. இரும்பு ஆக்சைடு நிறைந்த இம்மண், கருவிக்குத் தானே ஓர் உலோகம்போல் ஒலிக்கும். தெற்கே மணவாளக்குறிச்சி முதல் வடக்கே சவரா வரை நீளும் கரையோரத்தில் ஆங்காங்கே கருமணல் படிந்திருக்கிறது. அதில் இரும்பும் டைட்டானியமும் கலந்த இல்மனைட் உள்ளது. ஈரமான கடற்கரையிலோ உப்புநீரே மின்னைக் கடத்தி, ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் எளிய கருவிகளைக் குழப்பும். ஆகவே வேறொரு நாட்டின் மென்மண்ணில் எடுத்த ஆழக்கணக்கைக் காட்டிக் கோவளத்திலும் வர்க்கலையிலும் வாழ்பவருக்கு விற்பது, பொய் சொல்லாமலே ஏமாற்றுவதாகும். வாங்குபவரின் மண்ணில் இயக்கிக்காட்ட மறுக்கும் விற்பனையாளரை நம்புவதற்குக் காரணம் எதுவுமில்லை.

கருவியைச் சுற்றியுள்ள சூழல் அதை ஏமாற்றும் என்பது புதிய செய்தியுமன்று. 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் பதிந்த துப்பாக்கிக் குண்டைத் தேட, தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றை அமைத்தார். தேடல் தோற்றது. அதிபர் படுத்திருந்த கட்டிலின் உலோகக் கம்பிகள் கருவியைக் குழப்பின என்பது பின்னர் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. பெல்லுக்கே நேர்ந்தது நமக்கு நேராது என்று எவரும் உறுதி தர இயலாது.

மிகைப்படுத்தல் எல்லை மீறினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் சான்று உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவர், கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுப் பொருள் ஒன்றை மாதிரியாக வைத்து, வெடிகுண்டு கண்டறியும் கருவி என்று பெயரிட்டு ஈராக்குக்கு ஆயிரக்கணக்கில் விற்றார். மூலப்பொருளின் விலை சுமார் 20 டாலர். விற்ற விலையோ ஆயிரக்கணக்கான டாலர். அதனுள் இயங்கும் மின்னணு அமைப்பு எதுவும் இல்லை. சோதனைச் சாவடிகளில் அதை நம்பி நின்றவர்களின் உயிர் பணயமாயிற்று. 2013 மே மாதம் லண்டன் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. தொலைவிலிருந்தே பொன்னிருக்கும் திசையைக் காட்டும் என்று விற்கப்படும் ஆண்டெனாக் கருவிகளுக்கும் அதற்கும் தத்துவத்தில் வேறுபாடு இல்லை. நம் ஊர்களில் ‘ரைஸ் புல்லர்’, ‘இரிடியம் கலசம்’ என்ற பெயர்களில் குடும்பங்களின் சேமிப்பைச் சூறையாடும் மோசடிகளும் இந்தக் கொடியில் காய்த்தவையே.

மூன்றாவது குறை, சட்டத்தைப் பற்றிய மௌனம். மண்ணில் கிடைப்பது கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்ற எண்ணத்தை விற்பனையாளர் திருத்துவதில்லை. திருத்தினால் விற்பனை குறையும். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்றது. கேரளம் 1968-இல் தனக்கெனப் புதையல் சட்டம் இயற்றிக்கொண்டது. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவதைத் தடுக்கிறது. நூறாண்டு கடந்த தொல்பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. கிளிமானூர்க் காசுகளும் தொல்லியல் துறையிடமே சேர்ந்தன. ஒரு காசு எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்பதே வரலாற்றாசிரியனுக்கு எழுத்து. அதைப் பிடுங்கி எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் செம்பு. இதை ஒரு தாளில் அச்சிட்டுக் கருவியோடு தருவதற்கு விற்பனையாளருக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

நான்காவது, பணம் செலுத்தும் முறை. ‘வட்டியில்லாத் தவணை’ என்பது இப்போது எல்லாக் கடைகளிலும் ஒலிக்கும் சொல். வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று உண்மையில் கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. ஒரு கணக்கைப் பார்ப்போம். ரொக்கமாகக் கொடுத்தால் 54,000 ரூபாய்க்குக் கிடைக்கும் கருவி, மாதம் 5,000 வீதம் 12 தவணைகளில் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 6,000 ரூபாய்தானே, 11 விழுக்காடு என்று தோன்றும். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு. ஆகவே தவணையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ரொக்க விலையைக் கேட்டறிய வேண்டும். முழுத்தொகையையும் முன்பணமாக ஒரு தனிநபரின் கணக்குக்கு அனுப்பச் சொல்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நன்று.

விற்பனையாளர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. கடை வைத்து, கருவியை மண்ணில் இயக்கிக் காட்டி, பயன்படுத்தக் கற்றுக்கொடுத்து, பழுதும் பார்ப்பவருக்குச் செலவு அதிகம். அவரிடம் அரைநாள் செலவிட்டு எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, சில நூறு ரூபாய் மலிவென்று இணையத்தில் வாங்குவது அவருக்கு இழைக்கும் அநீதி. இதைத் தடுக்கவே, குறித்த விலைக்குக் கீழே விளம்பரம் செய்யாதே என்று உற்பத்தியாளர்கள் முகவர்களைக் கட்டுப்படுத்தும் வழக்கம் அயல்நாடுகளில் உள்ளது. ஆனால் தள்ளுபடியையே தடுப்பது இந்தியாவில் எளிதன்று. மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்தி அதனால் போட்டிக்கு ஊறு விளைவிப்பதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடைசெய்கிறது. முகவர்கள் தரும் தள்ளுபடியைக் கட்டுப்படுத்தியதாக மாருதி சுசூகி நிறுவனத்துக்கு 2021 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. கற்றுக்கொடுப்பதற்குக் கூலி வேண்டுமென்றால், கருவிக்கு இவ்வளவு, பயிற்சிக்கு இவ்வளவு என்று தனித்தனியே எழுதிக் கேட்கலாம் என்பது எமது கருத்து. உழைப்புக்கு வெளிப்படையாகக் கேட்கும் கூலியை வாடிக்கையாளர் மறுக்கமாட்டார்.

வாடிக்கையாளர் செய்யத்தக்கவை சிலவே. பொதியில் அச்சிட்ட விலையைப் படத்துடன் கேளுங்கள். உத்தரவாதம் தருபவர் இந்தியாவில் உள்ளாரா என்று எழுத்தில் பெறுங்கள். உங்கள் மண்ணில், ஓர் அடி ஆழத்தில் ஒரு நாணயத்தைப் புதைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ரசீது இன்றி வாங்காதீர்கள். ரசீது தர மறுப்பதும், பழுதுள்ள பொருளை ரசீதில் குறித்த நாளுக்குள், அவ்வாறு குறிக்காதபோது 30 நாளுக்குள், திரும்ப ஏற்க மறுப்பதும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகமாகும். விற்பவர் தில்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரையாயின் கட்டணமும் இல்லை. முதல் உதவிக்கு 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது.

அரசிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. புதையல் பற்றிய சட்டக் குறிப்பை மலையாளத்திலும் தமிழிலும் அச்சிட்டு ஒவ்வொரு கருவியோடும் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். தொல்லியல் துறைக்கும் நேர்மையான விற்பனையாளருக்கும் அது ஒருங்கே நன்மை தரும்.

மண்ணுக்கடியில் பொன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நம் வாசகர்கள் பல ஆண்டு உழைத்துச் சேர்த்த பணமோ உறுதியாக இருக்கிறது. இருப்பதைக் கொடுத்து இருக்கலாம் என்பதைத் தேடுவதற்கு முன், கொடுக்கும் விலையாவது கண்ணுக்குத் தெரியும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கையன்று.