காப்பை அடகு வைக்க முதல்

சாய்ந்தமருதிலிருந்து ஒரு ராத்தா எழுதிய கடிதம் இந்த மாதம் என் மேசையில் இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சுனாமி வீட்டைக் கொண்டுபோனது 2004இல். யுத்தம் கணவரைக் கொண்டுபோனது 2006இல். விறகுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அப்போது மகன் கைக்குழந்தை, மகளுக்கு மூன்று வயது. இடியப்பம் அவித்து விற்றும், பாய் இழைத்தும், கிழமைக் கடன் எடுத்துக் கட்டியும் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்திருக்கிறார்.

இப்போது மகன் பெயின்ட் வேலைக்குப் போகிறான். அவனுடைய கூட்டாளி ஒருவன் ஒரு செய்தி கொண்டுவந்திருக்கிறான். "றோப் எக்சஸ் என்று ஒரு படிப்பு இருக்கிறது. ஐந்து நாள்தான். முடித்தால் கட்டாரில் எண்ணெய்க் கம்பனியில் வேலை நிச்சயம்" என்பதுதான் அந்தச் செய்தி. படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். வீட்டில் இருப்பது குமருக்கென்று சேர்த்து வைத்த ஒரு சோடிக் காப்பு மட்டும்தான். "காப்பை வைக்கட்டா, வேண்டாமா? ஒரு சொல் எழுதுங்கள்" என்று கேட்கிறார்.

ஒரு சொல்லில் எழுதக்கூடிய பதில் இல்லை ராத்தா. ஆனால் அந்தக் கூட்டாளி சொன்னதில் எது உண்மை, எது மிகை என்று பிரித்துச் சொல்ல முடியும்.

முதலில் இது என்ன வேலை? பள்ளிவாசல் மினாராவுக்கு வெள்ளையடிப்பவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேலே ஒரு கயிற்றைக் கட்டி, அதில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்துகொண்டு அடிப்பார். கயிறு அறுந்தாலோ முடிச்சு நழுவினாலோ அவரைப் பிடிக்க வேறொன்றும் இல்லை. கீழே நிற்கிற நாம் துஆக் கேட்டுக்கொண்டு நிற்போம். றோப் எக்சஸும் கயிற்றில் தொங்கிச் செய்கிற வேலைதான். ஆனால் அதன் முதல் சட்டம் இரண்டு கயிறு. ஒன்று வேலைக் கயிறு, மற்றது காப்புக் கயிறு. இரண்டையும் வெவ்வேறு பிடிமானங்களில் கட்ட வேண்டும். உடம்பில் பூட்டிய பட்டியை, அதை ஹார்னஸ் என்பார்கள், இரண்டு கயிறுகளோடும் தனித்தனிக் கருவிகளால் இணைத்திருப்பார்கள். வேலைக் கயிறு போனாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். சாரம் கட்ட முடியாத இடங்களுக்கு, அதாவது கடலில் நிற்கிற எண்ணெய் மேடை, உயரமான புகைபோக்கி, பாலத்தின் அடிப்பக்கம், காற்றாலையின் இறக்கை போன்ற இடங்களுக்கு, இப்படித்தான் ஆட்களை அனுப்புகிறார்கள். மன்னாரில் கடற்கரையோரமாக நிற்கிற காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த உயரம் புரியும்.

இந்த முறை குகைகளுக்குள் இறங்குகிறவர்களிடமும் மலை ஏறுகிறவர்களிடமும் இருந்து வந்தது. 1980களில் பிரித்தானியாவுக்கு அப்பால் வடகடல் எண்ணெய் மேடைகளில் இதைப் பெரிய அளவில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அந்தப் பத்தாண்டின் கடைசியில் அங்குள்ள கம்பனிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'இராட்டா' என்கிறார்கள். வளைகுடா நாடுகளில் கேட்கப்படுவது பெரும்பாலும் இந்தச் சங்கத்தின் அட்டையைத்தான்.

ஐந்து நாள் என்று கூட்டாளி சொன்னது பொய்யில்லை. இராட்டாவில் மூன்று தரங்கள் இருக்கின்றன. முதலாம் தரத்துக்குக் குறைந்தது நான்கு நாள் பயிற்சி, அதன்பின் ஒரு நாள் பரீட்சை. பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். முன் அனுபவம் கேட்கமாட்டார்கள். முடிச்சுப் போடுதல், கயிற்றில் ஏறுதல், இறங்குதல், ஒரு கயிற்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுதல், முடிச்சைத் தாண்டிப் போதல் எல்லாம் அந்த நாலு நாளில் பழக வேண்டும். மயங்கித் தொங்குகிற ஒருவரைத் தன்னோடு இணைத்துக் கீழே இறக்கவும் பழக வேண்டும். இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. பட்டியில் அசையாமல் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே ஆள் மயங்கலாம், உயிரும் போகலாம். அதனால்தான் முதலாம் தரத்துக்கே மீட்கும் பயிற்சியை வைத்திருக்கிறார்கள்.

பரீட்சை எடுப்பவர் படிப்பித்தவர் அல்ல. வெளியிலிருந்து வருகிற மதிப்பீட்டாளர். ஆகவே பணம் கட்டிய எல்லோரும் சித்தியடைவதில்லை. "சேர்ந்தால் சேர்டிபிக்கட் நிச்சயம்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

இனி மிகைக்கு வருகிறேன். முதலாம் தரத்தில் நிற்கிறவர் தனியாக வேலை செய்ய முடியாது. மூன்றாம் தரத்தில் இருக்கிற மேற்பார்வையாளரின் கீழேதான் வேலை செய்யலாம். ஒவ்வொரு நாளும் கயிற்றில் செய்த மணித்தியாலத்தை ஒரு கொப்பியில் பதிந்து கையெழுத்து வாங்க வேண்டும். ஆயிரம் மணித்தியாலமும் ஒரு வருடமும் ஆனால்தான் இரண்டாம் தரத்துக்குப் போகலாம். அதிலிருந்து மூன்றாம் தரத்துக்கு இன்னும் ஆயிரம் மணித்தியாலமும் ஒரு வருடமும். முதலாம் தரச் சான்றிதழுக்கு ஆயுள் மூன்று வருடம். வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தாலும் அந்த மூன்று வருடம் ஓடிக்கொண்டே இருக்கும். அதன்பின் மறுபடி பணம் கட்டி, மறுபடி பரீட்சை எடுக்க வேண்டும்.

யாரும் வெளிப்படையாகச் சொல்லாத விசயம் ஒன்று இருக்கிறது. கயிறு என்பது வேலைக்குப் போகிற பாதை மட்டும்தான். கல்முனை பஸ்ஸில் ஏறத் தெரிந்தால் கல்முனையில் வேலை கிடைத்துவிடுமா? மேலே போய் என்ன செய்வாய் என்றுதான் கம்பனி கேட்கும். வெல்டிங் தெரியுமா, துருவை உரித்துப் பெயின்ட் அடிக்கத் தெரியுமா, இரும்பின் உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கத் தெரியுமா? சம்பளத்தில் வித்தியாசம் காட்டுவது அதுதான். வெறும் அட்டையோடு போகிறவர் கயிறு தூக்குகிற உதவியாளாகத்தான் நிற்பார். எங்கள் உறவில் ஒரு பிள்ளை அப்படித்தான் விசிட் விசாவில் போய், மூன்று மாதம் அறையில் படுத்திருந்துவிட்டு வந்தது. அந்தக் கடனை அதன் உம்மா இன்னும் கட்டுகிறார். ஆகவே இதை எழுதும்போது என் கை கொஞ்சம் கடுமையாகப் போனால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனுக்குப் பெயின்ட் வேலை தெரியும் என்பது நல்ல விசயம், ராத்தா. ஆனால் வீட்டுச் சுவருக்கு அடிக்கிற பெயின்ட் வேறு, உப்புக் காற்றில் நிற்கிற இரும்புக்கு அடிக்கிற பெயின்ட் வேறு. சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரி உங்களுக்குத் தூரமில்லை. வெல்டிங் போன்ற பாடங்களுக்கு எப்போது ஆள் எடுக்கிறார்கள், என்.வி.கியூ. சான்றிதழ் எந்த மட்டம் வரை கிடைக்கும் என்று மகனை நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். ஒரு வருடம் பிந்தும்தான். கையில் தொழிலோடு பிறகு கயிற்றைப் படித்தால், அந்த ஐந்து நாளுக்குப் பெறுமதி வரும்.

அவன் பொறுக்கமாட்டேன் என்று நின்றால், பணம் கட்ட முதல் இவற்றைச் செய்யுங்கள். பயிற்சி நிலையத்தின் பெயரை எழுத்தில் வாங்கி, இராட்டாவின் இணையத்தளத்தில் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா என்று படித்த பிள்ளை ஒருவரைக் கொண்டு பாருங்கள். படிப்பிக்கிறவரின் அட்டை இலக்கத்தையும் அங்கேயே பார்க்கலாம். பரீட்சைக் கட்டணம் உள்ளேயா வெளியேயா, தவறினால் மறுபடி எவ்வளவு, தங்குமிடம் சாப்பாடு யார் பொறுப்பு என்று கேட்டுப் பற்றுச்சீட்டு எடுங்கள். வேலை தருவதாகச் சொல்கிறவர் வேறு ஆள் என்றால், அவருடைய முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். பணியகத்தில் பதியாமல் விசிட் விசாவில் போகிறவருக்குக் காப்புறுதி இல்லை. உயரத்தில் வேலை செய்கிறவருக்கு அது இல்லாமல் போவது, இரண்டாவது கயிறு இல்லாமல் தொங்குவது மாதிரித்தான்.

இன்னொன்று, மகனுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததா, தலைசுற்று இருக்கிறதா, நெஞ்சு வருத்தம் உண்டா என்பது உங்களுக்குத்தான் தெரியும். படிவத்தில் மறைக்கவிடாதீர்கள். பிள்ளையின் வேலை போய்விடும் என்று உம்மாமார் மறைக்கிறதுண்டு. மேலே தொங்கும்போது அது வெளியே வந்தால் அவனையும் அவனை மீட்கப் போகிறவனையும் சேர்த்து ஆபத்தில் போட்டுவிடும்.

இது ஆம்பிளைப் பிள்ளைகளின் கதை என்று மற்றச் சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இராட்டாவில் பெண்ணுக்கென்று வேறு பரீட்சை இல்லை. செய்து காட்டினால் அதே அட்டைதான். உலகத்தில் பெண்களும் இதைச் செய்கிறார்கள். ஹலோ ட்ரஸ்ட் நிறுவனம் இலங்கையில் 2002இல் மிதிவெடி அகற்றத் தொடங்கியது. வடக்கில் அந்த வேலைக்குப் பெண்கள் போனபோதும், இது பெண் செய்கிற வேலையா என்று கேட்டார்கள். கணவரை இழந்த எத்தனையோ பேர் அந்தச் சம்பளத்தில்தான் வீட்டை நடத்தினார்கள்.

நம்முடைய பிள்ளைகள் கேட்கிற கேள்வி உடை பற்றியது. கழுத்திலிருந்து கால் வரை மூடிய ஓவரோல்தான் உடை. தலையை மூடலாம், ஆனால் இறுக்கமாக, ஹெல்மெட்டுக்கு உள்ளே அடங்கியதாக இருக்க வேண்டும். தொங்குகிற துணியோ அவிழ்ந்த முடியோ இறங்கும் கருவிக்குள் சிக்கினால் பெரிய ஆபத்து. மீட்புப் பயிற்சியில் இன்னொருவரோடு உடம்பை ஒட்டித் தொங்க வேண்டிவரும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பெண்ணோடு பெண்ணைச் சேர்த்துத் தருவார்களா என்று சேர முதலே கேட்டுக்கொள்ளுங்கள். போவதா விடுவதா என்பது அவரவர் வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டியது.

ராத்தா, காப்பு குமருடையது. அதனால் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதைப் பேச வேண்டும். சம்மாந்துறையில் என்ன சொன்னார்கள் என்று மகன் வந்து சொல்லும்வரை காப்பு வீட்டிலேயே இருக்கட்டும். அவர்கள் சொன்னதை எனக்கும் எழுதுங்கள். அந்த நிலையத்தின் பெயரையும் எழுதினால், பட்டியலில் நானே பார்த்துப் பதில் போடுகிறேன்.