நாய் வாங்குமுன் கடிகாரத்தைப் பாருங்கள்

நம் சங்கத்துக் குடும்பங்களில் நாய் வளர்ப்போர் தொகை பெருகி வருகிறது. மகிழ்ச்சியான செய்திதான். வாசலில் கிடந்து, மிச்சச் சோற்றைத் தின்று, தெருவையே காவல் காத்த நாய்களை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் நாம். பெங்களூரில் ஏழாவது மாடியில் வளரும் நம் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த உறவு கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. எந்த நாய் என்பதில்தான் பலரோடும் முரண்படுகிறேன்.

அண்மையில் ஒயிட்ஃபீல்டில் வசிக்கும் நண்பர் மகன் ஒருவர், "மாமா, சைபீரியன் ஹஸ்கி குட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். நீலக் கண். பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள்" என்றார். கணவன், மனைவி இருவருக்கும் கணினி நிறுவனத்தில் வேலை. "காலையில் யார் கூட்டிப் போவது?" என்று கேட்டேன். "அதுதான் அப்பா கும்பகோணத்திலிருந்து வந்துவிட்டாரே!" என்று பதில் வந்தது. அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி வேறு. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

ஹஸ்கி என்பது என்ன என்று பார்ப்போம். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி இன மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்த நாய் அது. 1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்து ஆங்கரேஜிலிருந்து நெனானா வரை ரயிலில் வந்தது. (ரயில்வேக்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) அங்கிருந்து நோமுக்குத் தண்டவாளம் இல்லை. மீதி 1,085 கிலோமீட்டரை இருபது வண்டிக்காரர்களும் சுமார் 150 நாய்களும் அஞ்சல் ஓட்டமாக ஐந்தரை நாளில் கடந்தார்கள். அதில் மிக நீண்ட பகுதியை ஓடிய அணிக்குத் தலைமை தாங்கிய டோகோ என்ற ஹஸ்கிக்கு அப்போது வயது பன்னிரண்டு! கிழட்டு வயதில் இப்படி ஓடிய இனத்தின் இளங்குட்டியை இரண்டு படுக்கையறை வீட்டில் வைத்துக்கொண்டு, லிஃப்டில் இறக்கிப் பத்து நிமிடம் மரத்தடியில் நிறுத்தினால் போதும் என்று நினைக்கிறோம்.

பெங்களூர் குளிர்ச்சியான ஊர்தானே என்பார்கள். அந்தப் பெங்களூரில் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரியும், 2024 ஏப்ரலில் 38.5 டிகிரியும் வெயில் பதிவாகியது. ஹஸ்கிக்கு இரட்டை அடுக்கு ரோமம். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஏ.ஸி. போட்டுவிடலாம் என்றால், நாள் முழுதும் அடைத்து வைத்த அறைக்குள் அதன் கால்கள் என்ன செய்யும்? சோபாவைக் கிழிக்கும், கதவைப் பிறாண்டும், ஊளையிடும். நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்று நம் பெரியவர்கள் கேலியாகச் சொன்னது இந்த நாய்களுக்கு நேர்மாறானது. இவற்றுக்கு வேலை வேண்டும். நாம் கொடுக்காவிட்டால் தாமே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும்.

இப்போது மேலினாய் என்ற பெல்ஜியம் நாட்டு நாயின் மீதும் மோகம் தொடங்கியிருக்கிறது. கனகபுரா சாலைப் பக்கம் தரளுவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை 2011 முதல் நாய்ப் பயிற்சிப் பள்ளி நடத்தி வருகிறது; வெடிகுண்டு தேடவும் காட்டில் ரோந்து செல்லவும் மேலினாய்களைப் பழக்குகிறது. அங்கே பயிற்சியாளருக்கு நாயைப் பார்ப்பதே முழுநேர உத்தியோகம். நமக்கு அப்படியா?

"அயல்நாட்டு நாய் வேண்டாம், நம் மண்ணின் நாயே போதும்" என்று சிலர் கைதட்டக் கூடும். கொஞ்சம் பொறுங்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் நாட்டு நாய்களைப் புகழ்ந்தார். 2005லேயே ராஜபாளையத்துக்கும் முதோலுக்கும் தபால்தலை வந்துவிட்டது. எனக்கும் பெருமைதான். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் வெளியில் முயலைத் துரத்திப் பிடிக்க வளர்ந்தவை. கர்நாடகத்தின் முதோலும் அதே வகை வேட்டை நாய். ராஜபாளையம் அந்நியரை எளிதில் ஏற்காது. நாளொன்றுக்குப் பத்துப் பேர் பொட்டலம் கொண்டுவந்து மணியடிக்கும் அபார்ட்மெண்டில் அதன் நிலைமையை நினைத்துப் பாருங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் தமிழ்ப்பற்றோடு ஒரு குட்டியைக் காரில் தூக்கி வருவது ஹஸ்கி வாங்குவதைவிட எந்த வகையிலும் மேலான செயல் அல்ல. மொழிப்பற்று நாயை ஓட வைக்காது. சுற்றுச்சுவர் உள்ள தோட்டம் வைத்து, ஓசூர்ப் பக்கம் குடியிருக்கும் அன்பர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் தாராளமாக வளர்க்கலாம்.

ரயில்வேயில் புதிய பாதை போட்டால் சோதனை ஓட்டம் இல்லாமல் பயணிகளை ஏற்ற மாட்டோம். இதற்கும் அப்படி ஒன்று உண்டு. நாய் இல்லாமலே ஒரு மாதம் நடந்து பாருங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்து ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். மழையானாலும், பள்ளித் தேர்வானாலும், அலுவலகத்தில் அவசர வேலையானாலும் சரி. யார் எந்த நாள் நடந்தார்கள் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் அந்தக் காலண்டரில் ஒரே ஆளின் பெயர் இருந்தால், வரப்போவது அவருடைய நாய். அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள். காலண்டரில் ஓட்டை விழுந்திருந்தால், ஹஸ்கி, பீகிள், மேலினாய் போன்ற பேச்சை விட்டுவிடுங்கள்.

அதற்காக வீட்டில் நாயே கூடாது என்பதில்லை. விலங்குக் காப்பகங்களில் மூன்று, நான்கு வயதான நாட்டு நாய்கள் இருக்கின்றன. குட்டி என்றால் எப்படி வளரும் என்பது ஊகம்; வளர்ந்த நாயின் குணம் கண்ணெதிரே தெரியும். நான்கைந்து முறை போய், அதனோடு நடந்து பார்த்த பிறகு முடிவு செய்யலாம். எங்கள் குடியிருப்பில் மிக அமைதியான நாய் அப்படி வந்ததுதான். அதற்கு வம்சப் பத்திரம் எதுவும் கிடையாது.

ஏற்கெனவே வலுத்த நாயை வாங்கிவிட்ட வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் ஒரு பாட்டியம்மா, பூனையைக் கண்டு பாய்ந்த பேரனின் நாயோடு சேர்ந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கயிறு மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. பெரியவர்கள் கையில் நாயைக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், கயிற்றைச் சுற்றிக்கொள்ளாமல் பிடிக்கவும், இழுத்தால் விட்டுவிடவும் சொல்லிக் கொடுங்கள்.