சான் மரினோவில் காட்டப்படாத காட்சி

இத்தாலியின் கிழக்குக் கரையில் ரிமினி என்றொரு ஊர் இருக்கிறது. கோடைகாலத்தில் ஐரோப்பாவின் பல தேசத்தாரும் வந்து குவிகிற கடற்கரை அது. அங்கே வெயில் காய்ந்து அலுத்துப்போன உல்லாசப் பிரயாணிகள், ஒருநாள் பஸ் ஏறி உள்நாட்டிலே தெரிகிற ஒரு மலைக்குப் போய்வருவது வழக்கம். ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். வழியில் எல்லைச் சோதனை கிடையாது. புராதனமான சுதந்திர பூமிக்கு நல்வரவு என்று சாலைக்கு மேலே எழுதிவைத்திருக்கும் வாசகம் மட்டும், வேறொரு நாட்டுக்குள் நுழைந்துவிட்டோம் என்று சொல்லும்.

அதுதான் சான் மரினோ குடியரசு. மொத்தப் பரப்பு 61 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை ஏறக்குறைய 34 ஆயிரம். நான்கு புறமும் இத்தாலி சூழ்ந்திருக்கிறது. ரயில் கிடையாது, பெரிய விமான நிலையம் கிடையாது. வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு மனிதனும், ஒவ்வொரு மூட்டை மாவும் இத்தாலியைக் கடந்துதான் வந்தாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். சான் மரினோவின் நவீன சரித்திரம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

பிரயாணிக்குக் காட்டுவது என்ன?

காட்ட வேண்டியவை அங்கே நிறைய உண்டு. அதை மறுப்பதற்கில்லை. 700 மீட்டருக்கு மேல் உயர்ந்த டிடானோ மலையின் முகட்டில் மூன்று கோபுரங்கள் நிற்கின்றன. குவைட்டா எல்லாவற்றிலும் பழையது. நெடுங்காலம் சிறைச்சாலையாகவும் இருந்தது. செஸ்டாவில் பழைய ஆயுதங்களின் காட்சிசாலை இருக்கிறது. மூன்றாவது மோண்டாலே; அதை வெளியே நின்று பார்க்கலாம், உள்ளே போக முடியாது. இந்த மலையையும் பழைய நகரத்தையும் 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நகரத்தின் நடுவில் சுதந்திரச் சதுக்கம் இருக்கிறது. அதில் 1894-ல் திறந்துவைக்கப்பட்ட அரசாங்க மாளிகை நிற்கிறது. வருஷத்துக்கு இருமுறை, ஏப்ரல் 1-ந் தேதியும் அக்டோபர் 1-ந் தேதியும், நாட்டின் இரண்டு தலைவர்கள் இங்கே பதவியேற்கிறார்கள். ஆறே மாதப் பதவி! ஒருவருக்கு இருவராக வைத்திருப்பது, ஒருவரை ஒருவர் கட்டுப்படுத்துவதற்காக. 1849-ல் எதிரிகளால் விரட்டப்பட்டு வந்த கரிபால்டிக்கு இந்த மலை அடைக்கலம் கொடுத்த கதையையும், 1861-ல் ஆபிரகாம் லிங்கனைக் கௌரவப் பிரஜையாக்கிய கதையையும் வழிகாட்டிகள் பெருமையோடு சொல்வார்கள். சொல்ல வேண்டிய கதைகள்தாம்.

பிறகு கடைவீதி. வாசனைத் திரவியம், மது, தோல் சாமான், தபால்தலை. 1877 முதல் தபால்தலை அச்சடித்து உலகமெங்கும் விற்று வருகிற நாடு இது. பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்துவதற்குக்கூடக் கட்டணம் உண்டு. அந்த முத்திரை எந்தச் சட்டத்துக்கும் அவசியமில்லை. ஞாபகார்த்தமாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மாலையில் பஸ் ரிமினிக்குத் திரும்புகிறது. வந்தவர்களில் பெரும்பாலோர் இரவு தங்குவதில்லை. அதே பாதையில், அன்றைய வேலை முடித்த கடைச் சிப்பந்திகளும் பரிமாறுகிறவர்களும் வீடு திரும்புகிறார்கள். ஆயிரக்கணக்கான இத்தாலியத் தொழிலாளிகள் தினந்தோறும் எல்லை தாண்டி வந்து இந்த நாட்டில் உழைக்கிறார்கள். புகைப்படங்களில் அவர்கள் இடம்பெறுவதில்லை.

கல்தச்சனின் மலை

இந்த நாட்டை ஸ்தாபித்தவன் ராஜா அல்ல, தளபதியும் அல்ல. டால்மேஷியக் கரையிலுள்ள ராப் தீவிலிருந்து பிழைப்புத் தேடி ரிமினிக்கு வந்த மரினஸ் என்ற கல்தச்சன், கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய அதிகாரத்திடமிருந்து தப்பி இந்த மலையேறினான் என்பது ஐதீகம். கி.பி. 301 என்று வருஷமும் சொல்கிறார்கள். ஐதீகத்துக்கு ஆதாரம் கேட்பது வீண். ஆனால் ஒரு ஜனசமூகம் தன் மூதாதையாக ஒரு கூலிக்காரக் கல்தச்சனைத் தேர்ந்துகொண்டதே என்பது கவனிக்கத்தக்கது.

கல்தச்சனின் வாரிசுகளோ பலகாலம் ஏழைகளாகவே இருந்தார்கள். மலையில் கல் உடைத்தார்கள். சரிவில் பயிர் செய்தார்கள். அது போதாமல் பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்கும் கூலி வேலை தேடிக் கப்பலும் ரயிலும் ஏறினார்கள். பழைய நகரத்தின் சாந்தா கியாரா மடாலயத்தில் குடிபெயர்ந்தோர் காட்சிசாலை ஒன்று இருக்கிறது. மூன்று கோபுரங்களையும் பார்த்து முடிக்கிறவர்களில் எத்தனை பேர் அந்த வாசலை மிதிக்கிறார்கள்?

யுத்தமும் இந்த மலையை விடவில்லை. சான் மரினோ நடுநிலை நாடு. ஆயினும் 1944 ஜூன் 26-ல் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின, பலர் மாண்டார்கள். குண்டு வீசியது நியாயமற்றது என்று பிரிட்டிஷ் சர்க்காரே பின்னர் ஒப்புக்கொண்டது. நஷ்டஈடு வந்து சேர 1961 ஆயிற்று. ரிமினியிலிருந்து மலையுச்சிக்கு 1932 முதல் ஓடிய மின்சார ரயிலும் 1944-ஓடு நின்றது. அதன் சுரங்கங்களில் அகதிகள் குடியிருந்தார்கள். 15 ஆயிரம் பேர்கூட இல்லாத நாட்டில் அன்று புகலிடம் பெற்றவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர்! பணக்கார தேசங்கள் அகதிப் படகுகளைத் திருப்பியனுப்புகிற இந்த நாளில் இதைப் பலமுறை சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு வருஷங்கள்

இனி, கையேடுகளில் ஒரு வரியோடு முடிந்துபோகிற விஷயத்துக்கு வருவோம்.

1945 மார்ச்சில் தேர்தல் நடந்தது. இருபது வருஷ பாசிஸ்டு ஆட்சிக்குப் பிறகு நடந்த சுதந்திரமான தேர்தல். கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் சேர்ந்து அமைத்த ஐக்கிய முன்னணி 60 ஸ்தானங்களில் 40-ஐப் பிடித்தது. அன்று தொடங்கி 1957 வரை, பன்னிரண்டு வருஷங்கள், மேற்கு ஐரோப்பாவின் மத்தியில், வாக்குச்சீட்டின் பலத்தால் அந்த மலையை உழைப்பாளர் கட்சிகள் ஆண்டன. 1957-ல் கேரளத்தில் அமைந்த மந்திரிசபையே தேர்தலால் வந்த முதல் கம்யூனிஸ்டு ஆட்சி என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. கேரளத்தின் பெருமை எவ்விதத்திலும் குறையாது. ஆனால் அதற்குப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பே, கூட்டணியாகவேனும், இந்தச் சின்னஞ்சிறு மலைநாடு அந்தப் பாதையில் நடந்துவிட்டது.

அவர்கள் செய்தது என்ன? ஒன்றைச் சொன்னால் போதும். 1955 டிசம்பரில் ஒரு சட்டம் செய்து சமூகப் பாதுகாப்பு ஸ்தாபனத்தை நிறுவினார்கள். வைத்தியமும் முதுமைக்கால ஆதரவும் தர்மமாக அல்ல, பிரஜையின் உரிமையாகவே கிடைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த ஸ்தாபனம் இன்றும் நடக்கிறது. பின்னால் வந்த எந்த ஆட்சியாலும் அதைப் பிடுங்க முடியவில்லை. டிடானோ மலையில் பார்க்க வேண்டிய நான்காவது கோபுரம் அது. ஆனால் அதற்குச் சீட்டும் கிடையாது, படத் தபாலும் கிடையாது.

பாதையை அடைத்தவர்கள்

அந்த ஆட்சி எப்படி முடிந்தது? இங்கேதான் ரிமினிச் சாலையின் கதை வருகிறது.

யுத்தத்தில் நொறுங்கிய நாட்டின் கஜானா காலி. வருமானத்துக்கு வழிதேடி 1949-ல் ஒரு சூதாட்ட விடுதியைத் திறந்தார்கள். அது மெச்சத்தக்க வழி என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் ரோமாபுரியின் கோபத்துக்குக் காரணம் சூதாட்டத்தின் மீதுள்ள வெறுப்பா? இத்தாலியின் சான் ரெமோவிலும் வெனிஸ் நகரத்திலும் சூதாட்ட விடுதிகள் அமோகமாக நடந்துகொண்டிருந்தனவே! இத்தாலிய சர்க்கார் எல்லையில் போலீசை நிறுத்திக் கெடுபிடி செய்தது. பிரயாணிகள் வருகிற பாதை நெரிக்கப்பட்டது. கடைசியில் விடுதியை மூட வேண்டியதாயிற்று. சூதாட்ட விடுதி வைப்பதில்லை என்று 1953-ல் உடன்பாடு எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. வருகிறவர்களை நம்பிப் பிழைக்கிற நாட்டின் குரல்வளை, வழியை வைத்திருப்பவன் கையில் இருக்கிறது என்பது அன்றே தெரிந்துபோயிற்று.

1955 தேர்தலில் மக்கள் மீண்டும் முன்னணிக்கே 35 ஸ்தானங்கள் கொடுத்தார்கள். 1956 ஹங்கேரி நிகழ்ச்சிகளுக்குப் பிறகு சோஷலிஸ்டுகளிடையே பிளவு வந்தது; 1957-ல் ஐந்து பேர் எதிரணிக்குத் தாவினார்கள். முப்பதுக்கு முப்பது! செப்டம்பரில் ஆறாவது ஒருவரும் போனார். முன்னணிக் கட்சிகள், தங்கள் உறுப்பினர்கள் முன்கூட்டியே கையெழுத்திட்டிருந்த ராஜினாமாக்களைச் சமர்ப்பித்தன. சபை கலைக்கப்பட்டு, நவம்பர் 3-ல் தேர்தல் என்று அறிவிக்கப்பட்டது.

அந்த ராஜினாமாக்கள் செல்லுமா, செல்லாதா? எதிரணி செல்லாது என்றது. சட்டப் பண்டிதர்கள் வாதாடலாம். ஆனால் அந்த வழக்கைத் தீர்க்கக்கூடிய நீதிபதி யார்? வாக்காளரைத் தவிர வேறு யார்? வாக்குப் பெட்டிக்குத் தேதி குறித்தாகிவிட்டதே! பெரும்பான்மை தங்கள் பக்கம் என்று நம்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்திருக்கக்கூடாதா?

பொறுக்கவில்லை. செப்டம்பர் 30 நள்ளிரவில், இத்தாலிய எல்லையை ஒட்டிய ரோவெரேட்டாவில், மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலைக் கட்டிடத்தில் கூடி, தாங்களே சர்க்கார் என்று பிரகடனம் செய்தார்கள். இத்தாலி உடனே அங்கீகரித்தது, அமெரிக்காவும் அங்கீகரித்தது. இத்தாலிய ஆயுதப் போலீஸ் எல்லையைச் சூழ்ந்து நின்றது. உல்லாசப் பிரயாணியை இருகரம் நீட்டி வரவேற்ற அதே சாலை, நாட்டின் கழுத்துக்குச் சுருக்காயிற்று. அக்டோபர் நடுப்பகுதிக்குள் மலை பணிந்தது. குறிக்கப்பட்ட நவம்பர் 3 தேர்தல் நடக்கவேயில்லை.

அங்கே பக்கத்து ராஜ்யத்தின் போலீஸ். இரண்டு வருஷம் கழித்து, 1959 ஜூலை 31-ல், கேரளத்தில் அரசியல் சட்டத்தின் 356-வது ஷரத்து. ஆயுதம் வேறு. ஆனால் ஜனங்கள் தவறான சீட்டில் முத்திரை குத்திவிட்டால், ஜனநாயகத்தின் காவலர்கள் எனப்படுவோர் எவ்வளவு சீக்கிரம் பொறுமையிழக்கிறார்கள் என்ற பாடம் ஒன்றே.

கடைவீதியா, நாடா?

அதற்குப்பின் சான் மரினோ வேறு வழியில் வளர்ந்தது. 1959-ல் கம்பிவழிக் கூண்டு வந்தது, கடைகள் பெருகின, வங்கிகளும் வந்தன. வரிக்குத் தப்பிய இத்தாலியப் பணம் ஒளிந்துகொள்ளும் இடமென்று பெயரெடுத்து, 2014 வரை இத்தாலியின் கறுப்புப் பட்டியலில் இந்த நாடு இருந்தது. உழைப்பாளர் ஆட்சியைப் பதினைந்தே நாளில் கவிழ்க்கத் தெரிந்தவர்களுக்கு, முதலாளிகளின் பணம் மலையேறுவதைத் தடுக்க எத்தனை வருஷம் பிடித்தது பாருங்கள்!

ஆனால் ஜனங்கள் மறந்துவிடவில்லை. 1978-ல் கம்யூனிஸ்டுகள் மறுபடியும் கூட்டு மந்திரிசபைக்கு வந்தார்கள். அந்த இடதுசாரிக் கூட்டணி 1986 வரை ஆண்டது. முற்றுகை வைத்து வென்றவர்களுக்கு இருபது வருஷம் கழித்து வாக்காளர்கள் கொடுத்த பதில் அது.

உல்லாசப் பிரயாணம் கூடாது என்பதல்ல நமது வாதம். உழைக்கிற மனிதனுக்கு ஓய்வும் ஊர் பார்க்கும் வாய்ப்பும் வேண்டும். அது அவன் போராடிப் பெற வேண்டிய உரிமை. நாம் ஆட்சேபிப்பது, ஒரு நாட்டைக் கடைவீதியாகச் சுருக்கி, கல்லைக் காட்டிக் கல் உடைத்தவனை மறைக்கும் வியாபாரத்தை. சுதந்திர பூமி என்று வாசலில் எழுதிவைத்து, அந்தச் சுதந்திரத்தை 1957-ல் யார் எந்தச் சாலையில் வந்து நெரித்தார்கள் என்று சொல்லாமல் விடுகிறார்களே, அந்த மௌனத்தை.

டிடானோ மலைக்குப் போகிறவர்கள் கோபுரங்களைப் பார்க்கட்டும். குடிபெயர்ந்தோர் காட்சிசாலையையும் பார்க்கட்டும். ரோவெரேட்டா எங்கே என்று வழிகாட்டியைக் கேட்கட்டும். போக முடியாத நாமும் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வோம். 61 சதுர கிலோமீட்டரில், ஆயிரக்கணக்கில் மட்டுமே இருந்த கல் உடைப்போரும் குடியானவர்களும் தங்கள் ஆட்சியைத் தாங்களே நடத்திக் காட்டினார்கள். அதை முடிக்க அவர்களுடைய வாக்கு பயன்படவில்லை. ஒரு பெரிய ராஜ்யத்தின் போலீஸ் தேவைப்பட்டது. அந்த மலையின் மிக உயரமான காட்சி அதுவே.