முழம் போட்ட போன்

2017-ம் வருஷம் பொங்கலுக்கு எங்கள் அத்தான் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியபோது சட்டைப் பையில் ஒரு சிலேட்டு வைத்திருந்தார். 'பையில்' என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி உள்ளே, பாதி வெளியே, கங்காருக் குட்டி மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டையே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"என்ன மாப்பிள்ளை, பேரனுக்கு சிலேட்டா?" என்றாள் அம்மா.

"இல்லை அத்தை, போன்."

"போனா! காதுல வைச்சா ஆளே தெரியாதே!"

அம்மா சொன்னதில் மிகை இல்லை. லெனோவோ கம்பெனியின் 'ஃபேப் 2 ப்ரோ' என்று பெயர். 2016 ஜூனில் சான்பிரான்சிஸ்கோவில் மேடையேற்றி, நவம்பரில் கடைக்குக் கொண்டுவந்தார்கள். விலை 499 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 34,000 ரூபாய். திரை 6.4 அங்குலம். உடம்பு நீளம் கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர், அகலம் 9. எடை 259 கிராம். அதாவது கால் கிலோ கத்தரிக்காயும், கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலையும்.

"இத்தனை பெரிசு எதுக்கு அத்தான்?" என்றேன்.

"பின்னாடி திருப்பிப் பாரு."

பார்த்தேன். நட்ட நடு முதுகில் வரிசையாகக் கண்கள். ஒன்று வழக்கமான 16 மெகாபிக்ஸல் காமிரா. இன்னொன்று மீன் கண் மாதிரி அகலமாகப் பார்த்து, 'நான் எவ்வளவு தூரம் நகர்ந்தேன், எந்தப் பக்கம் திரும்பினேன்' என்று கணக்கு வைத்துக்கொள்வது. மூன்றாவதுதான் வேடிக்கை. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும். அது சுவரில் பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரமாச்சு என்பதை வைத்து, சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும். ஒரு செகண்டை நூறு கோடி துண்டாக்கினால், அதில் ஒரு துண்டுக்குள் வெளிச்சம் 30 சென்டிமீட்டர் ஓடிவிடும். அந்த ஓட்டத்துக்கு 'ஸ்டாப் வாட்ச்' பிடிக்கிற போன்!

கூகுள்காரர்கள் 2014-லிருந்தே உருட்டிக்கொண்டிருந்த 'டாங்கோ' என்கிற ஏற்பாடு இது. கடைக்கு வந்த முதல் டாங்கோ போன் அத்தான் பையில் தொங்கியதுதான்.

'ஆக்மெண்டட் ரியாலிட்டி' என்று பெரிய பெயராக இருக்கிறதே, அது என்ன? ரொம்ப சுலபம். நிஜத்தின் மேல் பொய்யை ஒட்டுவது. அரசியலில் ரொம்ப நாளாக இருக்கிறது. போனுக்கு அப்புறம்தான் வந்தது.

2016-ல் உலகமே போக்கிமான் பிடிக்கிறேன் என்று தெருவில் முட்டிக்கொண்டதே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பிராணி திரையில் நம் சோபா மேல் நிற்கும். ஆனால் சோபாவுக்குப் பின்னால் ஒளியத் தெரியாது. ஏனென்றால் அங்கே சோபா இருப்பதே போனுக்குத் தெரியாது. டாங்கோவுக்குத் தெரியும். தரை எங்கே, சுவர் எங்கே, மேஜை எவ்வளவு உயரம் என்று கண்ணில்லாதவர் தடவிப் பார்ப்பதுபோல அறையைத் தடவித் தெரிந்துகொள்ளும்.

அக்கா பையன் எங்கள் ஹாலில் ஊஞ்சல் பக்கத்தில் ஒரு டைனோசரை நிறுத்தினான். கால் தரையில் சரியாகப் பதிந்து நின்றது. அம்மா திரையில் எட்டிப் பார்த்துவிட்டு, "பூஜை ரூம் பக்கம் வராம பார்த்துக்கோடா கண்ணா" என்றாள்.

நான் மயங்கியது டைனோசரில் இல்லை. 'மெஷர்' என்று ஒரு செயலி. சுவரின் இந்த மூலையைத் தொட்டு, அந்த மூலையைத் தொட்டால் நடுவில் கோடு போட்டு, 'இத்தனை அடி, இத்தனை அங்குலம்' என்று எழுதிவிடும். டேப் வேண்டாம், அந்த முனையைப் பிடிக்க மனைவி வேண்டாம், "இழுத்துப் பிடி, தொய்யுது" என்கிற சண்டை வேண்டாம். ஒரு நாள் முழுக்க வீட்டை அளந்தேன். பூனையை அளக்கப் போனேன், அது நிற்கவில்லை.

இங்கேதான் பீரோ வருகிறது.

அதற்கு முந்தின வருஷம்தான் அப்பா காலமானார். பழைய வீட்டைக் காலி செய்து அம்மாவை எங்களோடு, திருச்சியில் மாடி போர்ஷனுக்கு, அழைத்து வந்திருந்தோம். பாத்திரம், கட்டில் எல்லாவற்றையும் அம்மா விட்டுக் கொடுத்தாள். ஒன்றே ஒன்றைத் தவிர. அப்பா தன் முதல் போனஸில் செய்துகொடுத்த தேக்கு பீரோ. "அது வராத இடத்துக்கு நானும் வரலை" என்று சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். பீரோ பழைய வீட்டிலேயே பூட்டிக் கிடந்தது. அம்மாவின் அறையில் இடம் போதாது என்று நானும் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தான் போனோடு பழைய வீட்டுக்குப் போனேன். பீரோவை அளந்தேன். திரும்பி வந்து அம்மா அறைச் சுவரை அளந்தேன். கதவை அளந்தேன். எல்லாம் பொருந்துகிறது! சந்தேகத்துக்கு டேப் வைத்தும் பார்த்தேன். அரை அங்குலம்தான் வித்தியாசம். விஞ்ஞானம் வாழ்க என்று ஒரு குட்டி வண்டியும் நாலு ஆட்களும் பேசி பீரோவைக் கொண்டுவந்து இறக்கினேன்.

மாடிப்படி வளைவில் நின்றுவிட்டது.

மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நாலு பேரும் அதைத் தோளில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். நான் போனைப் பார்த்தேன். போன் என்ன செய்யும்? நான் கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொன்னது. மாடிப்படியைக் கேட்கவே இல்லை.

பீரோ கீழ் வீட்டுக்காரர் திண்ணையில் இரண்டு நாள் படுத்திருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காலையிலும் சாயங்காலமும் கீழே போய் முந்தானையால் துடைத்துவிட்டு வந்தாள். அதைவிட நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

மூன்றாம் நாள் ஒரு வயசான ஆசாரி வந்தார். காதில் பென்சில். பீரோவைச் சுற்றி வந்து, முதுகில் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, இதுல இரும்பு ஆணியே இல்லை. எல்லாம் மர ஆணி. பிரிச்சு மேல கொண்டுபோய்க் கூட்டிடலாம்."

"செஞ்சவர் இல்லையே ஐயா... எப்பவோ செத்துப் போயிட்டார்."

"அதனால என்ன? அவர் வேலைதான் எனக்கும் தெரியுமே!"

ஒன்றரை நாள் வேலை. பலகை பலகையாக மாடி ஏறி, அம்மா அறையில் மறுபடி பீரோவாக எழுந்து நின்றது. அன்று ராத்திரிதான் அம்மா எங்கள் வீட்டுக்குக் குடி வந்தாள் என்று சொல்ல வேண்டும்.

நிற்க. நான் பி.காம். படித்தவன். எதைக் கண்டாலும் நடுவில் கோடு போட்டு வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் எழுதாவிட்டால் தூக்கம் வராது. அந்தப் போனுக்கும் எழுதினேன்.

வரவு: சினிமாக் கொட்டகை மாதிரி திரை. எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால் கண்ணாடி தேட வேண்டாம். பேட்டரி 4,050 மில்லி ஆம்பியர். சாதாரண உபயோகத்துக்குத் தாராளம். அப்புறம் அறையைத் தெரிந்துகொள்கிற அந்த அதிசயம். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரக் கலைக்கூடத்தில் 2017 ஜனவரியில் இதே போனைப் பார்வையாளர்களிடம் கொடுத்தார்கள். எகிப்திய மம்மிக்கு நேராகப் பிடித்தால் உள்ளே இருக்கிற எலும்புக்கூடு திரையில் தெரியும். பெட்டியைத் தொடவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். பேஷான உபயோகம்!

பற்று: ஒரு கையால் பிடித்தால் கட்டை விரல் பாதித் திரைக்கு மேல் போகாது. படுத்துக்கொண்டு படித்து, தூக்கத்தில் மூக்கில் விழுந்தால் பஞ்சர்தான். எல்லாக் கண்களும் ஒரே நேரத்தில் விழித்திருந்து வேலை பார்த்தால் சூடும் ஏறும், பேட்டரியும் இறங்கும். அகச்சிவப்புக் கண்ணுக்கு நல்ல வெயில் ஆகாது. சூரியனிடமிருந்தே அதே ஒளி ஏராளமாக வந்து குழப்பும். கருப்புச் சாமான் ஒளியை விழுங்கிவிடும். கண்ணாடி வேறு பக்கம் திருப்பிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேல், அந்தக் கண்களுக்கு ஏற்ற செயலிகள் மிகக் கொஞ்சம். ஒரு மாடல் போனுக்காக யார் மெனக்கெட்டு எழுதுவார்கள்? செயலி இல்லாத போனை யார் வாங்குவார்கள்? கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை. 2017-ல் ஏஸஸ் கம்பெனி இரண்டாவதாக ஒரு டாங்கோ போன் கொண்டுவந்தது. மூன்றாவது வரவில்லை.

அந்த வருஷம் ஜூனில் ஆப்பிள், 'ஏ.ஆர்.கிட்' என்று ஒன்றை அறிவித்தது. விசேஷக் கண் எதுவும் வேண்டாம். ஜனங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிற ஐபோன்களிலேயே நிஜத்தின் மேல் பொய்யை ஒட்டலாம் என்றார்கள். ஆகஸ்டில் கூகுளும் அதே பாணியில் 'ஏ.ஆர்.கோர்' என்று ஆரம்பித்தது. டிசம்பரில் டாங்கோவுக்கு நாள் குறித்தார்கள். 2018 மார்ச் 1-ந் தேதியோடு ஆதரவு நிறுத்தம். போன் விற்பனைக்கு வந்து பதினாறு மாசம்!

நாங்கள் படித்த கணக்கில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. எந்தச் சாமானும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அதற்கேற்ப மதிப்பைக் குறைத்து எழுத வேண்டும். ஆனால் சாமான் ஒரு கீறல்கூட விழாமல் பளபளவென்று இருக்க, அதன் வேலை மட்டும் ஒரு தேதியோடு முடிந்து போவதற்கு எந்தப் பேரேட்டில் பத்தி போட்டிருக்கிறார்கள்?

யோசனை தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. 2020-ல் ஆப்பிள் தன் ஐபேட் ப்ரோவிலும், ஐபோன் 12 ப்ரோவிலும் 'லைடார்' என்று ஒரு கண் வைத்ததே, அதுவும் ஒளியை அனுப்பித் தூரம் அளக்கிற கண்தான். பெரிய திரையும் அப்படியே. 6.4 அங்குலத்தைப் பார்த்துச் சிரித்தோம். 2024-ல் ஐபோன் 16 ப்ரோ மேக்ஸ் 6.9 அங்குலத்தோடு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அதன் உடம்பு 16.3 சென்டிமீட்டர்தான். திரை வளர்ந்தது, சட்டம் தேய்ந்தது. அத்தான் போன் கொஞ்சம் சீக்கிரம் பிறந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் இப்போதெல்லாம் யாராவது, "இந்த அதிசய சாமானை வாங்கலாமா?" என்று கேட்டால் நான் வரவுப் பக்கத்தையே இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன். நாளைக்குக் கம்பெனி கையை எடுத்துவிட்டாலும் நிற்கிற பலம் எது? எடுத்தவுடன் விழுகிற பலம் எது? முதல் பகுதிக்கு எவ்வளவு கொடுக்கலாமோ, அதை மட்டும் கொடுங்கள். இரண்டாவது பகுதி வாடகை வீடு மாதிரி. இருக்கிறவரை சுகமாக இருங்கள், ஆணி அடிக்காதீர்கள்.

அந்தப் போன் என்ன ஆச்சு என்கிறீர்களா?

2018 கடைசியில் அத்தான் புதுப் போன் வாங்கிக்கொண்டு, இதை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். நான் பற்றுப் பக்கத்தில் முதலில் எழுதிய பருமன் அம்மாவுக்கு வரவாகிவிட்டது. தாம்பாளம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொள்வாள். எழுத்தெல்லாம் கொட்டைப் பாக்கு சைஸில். வீடியோவில் பேரன் முகம் முழுசாகத் தெரிகிறதாம். "மத்த போன்ல எல்லாம் மூக்குதான் தெரியுது." டாங்கோ நின்று போனது அம்மாவுக்குத் தெரியாது. சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியது நிற்கவில்லையே!

ராத்திரி அதை அணைத்து, புடவை மடிப்புக்கு நடுவில் வைத்து, பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வாள். பூட்டு இன்னும் அப்பா போட்ட பூட்டுதான்.

போன வாரம் பேரன் பேசினான். அரும்பு மீசை வந்துவிட்டது. காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகப் போகிறானாம்.

"பாட்டி, என் ரூமை என் போன்லயே அளந்துட்டேன். மேஜை, கட்டில் எல்லாம் கரெக்டா ஃபிட் ஆகும்!"

அம்மா தாம்பாளத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"அதெல்லாம் சரிடா கண்ணா... மாடிப்படியை அளந்தியோ?"