நிற்கவும் தெரிய வேண்டும்

மூன்றாமாண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஓடாத இயந்திரத்தைக் கண்டு கவலைப்படுவோர் பலர். நிற்காத இயந்திரத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் மிகச் சிலரே. மருத்துவமனை, வங்கி, திருமண மண்டபம், மாணவர் விடுதி என மின்தடைக்கென்று ஜெனரேட்டர் வைத்திருக்கும் இடங்களில் அவ்வப்போது அதைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறார்கள். ‘நன்றாக ஓடுகிறது’ என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமும் இடுகிறார்கள். ஆனால் ஆபத்து நேர்ந்தால் அது தானே நிற்குமா என்று எத்தனை பேர் சோதித்துப் பார்க்கிறார்கள்? இவ்வினாவை நான் எழுப்புவதற்குக் காரணம் உண்டு.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அப்போது நான் எட்டாம் வகுப்பு மாணவன். பட்டுக்கோட்டைப் பக்கத்திலுள்ள எங்கள் சிற்றூரில் தென்னைகளும் மின்கம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்ந்து கிடந்தன. மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்ற மின்சாரம் இல்லை. நான்காம் நாள் வாடகை ஜெனரேட்டர் ஒன்று டிராக்டரில் வந்தது. அதை இயக்க வந்தவர் டீசல் மெக்கானிக்கான என் தாய்மாமன். குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். முக்கால் மணி நேரம் ஓடிய இஞ்சின், திடீரென்று முனகிக்கொண்டு நின்றது. ஆயில் பில்டரின் அடியில் கசிவு ஏற்பட்டு, ஆயில் முழுவதும் மண்ணில் இறங்கியிருந்தது. பேரிங்குகள் கருகி, இஞ்சின் இறுகிவிட்டது.

ஆயில் அழுத்தம் குறைந்த உடனேயே அந்த இஞ்சின் தானாக நின்றிருக்க வேண்டும். ஏன் நிற்கவில்லை? மாமா பேனலைத் திறந்து பார்த்தார். ஆயில் பிரஷர் சுவிட்சுக்குச் செல்லும் ஒயரை யாரோ முன்பே வெட்டி, நுனியில் டேப்பைச் சுற்றி வைத்திருந்தார்கள். அடிக்கடி காரணமின்றி நின்று தொல்லை கொடுத்ததாம்! பழியோ மாமாவின் மேல் விழுந்தது, கூலியும் பிடிக்கப்பட்டது. அடுத்த ஜெனரேட்டர் வர இரண்டு நாளாயிற்று. அதுவரை எங்கள் தாய்மார்கள் தொலைவிலிருந்த அடிகுழாய்க்கு நடந்தார்கள்.

“ஓடுதான்னு பார்த்துட்டுத்தான் ஏத்திக்கிட்டு வந்தேன் மாப்பிள்ளை. நிக்குதான்னு பார்க்காம விட்டுட்டேன்” என்று மாமா சொன்னது இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

இஞ்சினைக் காக்கும் ஏற்பாடுகள் பெரும்பாலும் நான்கு. ஆயில் அழுத்தம் குறைந்தால் நிறுத்துவது ஒன்று; வெப்பம் மிகுந்தால் நிறுத்துவது மற்றொன்று; வேகம் எல்லை மீறினால் நிறுத்துவது மூன்றாவது; ஆபத்தில் மனிதன் கையால் அழுத்தும் சிவப்புப் பொத்தான் நான்காவது. இவற்றைச் சோதிப்பது கடினமன்று. முதலில் லோடை இறக்கி, இஞ்சினைச் சிறிது நேரம் வெறுமனே ஓட விட வேண்டும். பின்பு, மாமா வைத்திருப்பது போன்ற பழைய முறை இணைப்புகளில், ஆயில் சுவிட்சின் ஒயரை இஞ்சின் உடம்பில் தொடவிட்டால் போதும். இஞ்சின் உடனே நிற்க வேண்டும். ஆயினும் இது பாதிச் சோதனைதான். ஒயரும் பேனலும் நலமென்று தெரியுமே ஒழிய, சுவிட்ச் நலமா என்பது தெரியாது. அதைக் கழற்றி, கைப்பம்பும் அழுத்தமானியும் கொண்டு தனியே சோதிக்க வேண்டும்.

வேகச் சோதனையில் இன்னும் கவனம் தேவை. நான்கு துருவ ஜெனரேட்டர் 50 சுழற்சி மின்சாரம் தர நிமிடத்திற்கு 1500 சுற்றுகள் சுழல வேண்டும். அதைவிட 15 விழுக்காடு மிகுந்தால், அதாவது 1725 சுற்றுகளில், நிறுத்துமாறு அமைப்பது உண்டு. சோதிப்பதற்காக இஞ்சினை அவ்வளவு வேகத்திற்கு விரட்டத் தேவையில்லை. பேனலில் அந்த எல்லையைத் தற்காலிகமாக 1500க்குக் கீழே இறக்கினால் போதும். சோதனை முடிந்ததும் பழைய அளவை மீண்டும் வைக்க மறக்கக் கூடாது. மறந்தால், சோதனையே விபத்துக்கு வித்தாகிவிடும்.

வெப்பக் காவலுக்கும் ஒரு குறை உண்டு. ரேடியேட்டர் நீர் முழுவதும் வடிந்துவிட்டால், வெப்பம் அறியும் கருவி நீரில் மூழ்காமல் வெறும் காற்றில் நிற்கும். இஞ்சினின் உண்மையான சூட்டை அது அறியாமலே போகலாம். ஆதலால் நீர்மட்டம் காட்டும் காவலும் உடன் இருப்பது நலம்.

“அறுவை மருத்துவம் நடக்கும்போது ஜெனரேட்டர் தானே நின்றால் நோயாளியின் கதி என்ன?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தீயணைப்புப் பம்புகளை இயக்கும் டீசல் இஞ்சின்களில், இஞ்சின் கெட்டாலும் தீ அணைய வேண்டும் என்பதற்காகச் சில காவல்களைத் தெரிந்தே விலக்கி வைக்கிறார்கள். பல அணுமின் நிலையங்களின் அவசர ஜெனரேட்டர்களிலும் இவ்வழக்கம் உண்டு. அது வல்லுநர்கள் ஆய்ந்து, எழுதி வைத்து எடுத்த முடிவு. எங்கள் ஊருக்கு வந்த ஒயரை வெட்டியது எவருடைய முடிவு? எந்த ஏட்டில் எழுதப்பட்டிருந்தது? சுவிட்ச் பொய்யாக நிறுத்துகிறது என்றால், சில நூறு ரூபாயில் அதை மாற்றலாமே! காவல்நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டிவிட்டு நிம்மதியாக உறங்குவது அறிவுடைமை ஆகுமா?

ஆகவே என் கருத்து இதுதான். ஒவ்வொரு ஜெனரேட்டரின் பதிவேட்டிலும் ‘ஓடியது’ என்ற கட்டத்திற்கு அருகே ‘நின்றது’ என்ற கட்டமும் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு காவலையும் தனித்தனியே சோதித்து, நாளும் பெயரும் குறிக்க வேண்டும். வாடகைக்கு அனுப்புவோர் அப்பதிவேட்டையும் உடன் அனுப்ப வேண்டும். இவற்றினும் மேலாக ஒன்று உண்டு. சோதனையில் இஞ்சின் நின்றால், நிறுத்தியவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. திட்டுக்கு அஞ்சியே பல ஒயர்கள் வெட்டப்படுகின்றன என்பார் மாமா.

இப்போது அவர் எந்த ஜெனரேட்டரை ஏற்றிச் சென்றாலும் முதலில் அதை ஓட்டுகிறார்; பிறகு நிறுத்துகிறார்; அதன் பின்னரே டிராக்டரில் ஏற்றச் சொல்கிறார். அரைமணி நேரம் வீணாகிறதே என்று முணுமுணுப்போர் உண்டு. இரண்டு நாள் குடத்தோடு நடந்தவர்கள் அப்படி முணுமுணுக்க மாட்டார்கள்.