சந்தனக் கன்றும் சேமநல நிதியும்

சந்தனம் நட்டவர் பதினைந்து ஆண்டில் கோடீசுவரர் ஆகலாம் என்று ஆசை காட்டும் விளம்பரங்களுக்கு இன்று குறைவில்லை. ‘டிஷ்யூ கல்ச்சர்’ என்னும் திசு வளர்ப்புக் கன்று என்றால் மதிப்பு இன்னும் கூடிவிடுகிறது. அந்தமானில் பாடுபட்டு ஒன்றிரண்டு ஏக்கர் சேர்த்த தமிழ்த் தொழிலாளியும், ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் குமாஸ்தாவும் சேமநல நிதியை இதில் போடுமுன் சற்று நிதானிப்பது நல்லது.

திசு வளர்ப்பு என்பது ஏமாற்று வித்தையல்ல. மரத்தின் சிறு துண்டைக் கண்ணாடிக் குடுவையில் சத்துக் கூழில் வைத்து, அதிலிருந்து முழுச் செடிகளை உண்டாக்கும் முறை அது. 1979இல் டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பாபட், ராவ் ஆகியோரும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் லட்சுமி சீதா குழுவினரும் சந்தனத்தில் இதைச் செய்து காட்டினார்கள். விதையில் முளைக்கும் சந்தனம் ஒன்றைப்போல் ஒன்று இராது. தேர்ந்தெடுத்த நல்ல மரத்தின் குணத்தை அத்தனை கன்றுகளுக்கும் கொண்டுவருவதே இம்முறையின் நோக்கம். காட்டுச் சந்தனம் அருகிவரும் காலத்தில் இது தேவையான பணி என்பதில் ஐயமில்லை.

ஆனால் நல்ல கன்று வேறு, நல்ல மரம் வேறு. சந்தனம் பாதி ஒட்டுண்ணி. தன் வேரைப் பக்கத்துச் செடியின் வேரில் பதித்து நீரும் சத்தும் உறிஞ்சும். துவரை, சவுக்கு போன்ற துணைச் செடி இல்லாவிட்டால் நோஞ்சானாகிவிடும். விலை கிடைப்பது வைரம் பாய்ந்த நடுக்கட்டைக்குத்தான். அது உருவாகத் தொடங்கவே ஏறத்தாழப் பத்தாண்டு ஆகும். எவ்வளவு பாயும் என்பதில் மண்ணுக்கும் மழைக்கும் பெரும் பங்குண்டு. மேலும், ஒரே மரத்தின் வாரிசுகளை மட்டும் நட்டால், ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கலாம்.

தீவின் நிலைமையையும் பார்க்க வேண்டும். ஜவ்வாது மலையிலும் மறையூரிலும் சந்தனம் விளைவது நீர் தேங்காத, மழை அளவான சரிவுகளில். அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. நீர் தேங்கினால் வேர் அழுகும். தேங்காத மேட்டில் மரம் தழைத்தாலும் வைரம் பாயுமா என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

புதுப் பயிரை நம்பிய அனுபவம் இத்தீவுகளுக்குப் புதிதல்ல. லிட்டில் அண்டமானில் செம்பனை வந்தது. தாயகம் திரும்பிய இலங்கைத் தமிழர்களைக் குடியமர்த்திய கச்சால் தீவில் ரப்பர் வந்தது. இவை இனி லாபகரமல்ல, படிப்படியாகக் கைவிட வேண்டும் என்ற சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரையை 2002இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அரசுத் தோட்டத்துக்கே அந்தக் கதி என்றால், தனியொருவர் எம்மாத்திரம்?

எனவே முதல் சோதனை ஏழையின் நிலத்தில் நடக்கக்கூடாது. காராச்சர்மாவிலுள்ள மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் திசு வளர்ப்புக் கன்றையும் விதைக் கன்றையும் அருகருகே நட்டு, முடிவை மக்களுக்குச் சொல்ல முன்வர வேண்டும். தமிழ்நாட்டில் 2002 முதல் பட்டா நிலச் சந்தனம் நில உரிமையாளருக்கே சொந்தம்; ஆயினும் வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும். தீவில் வெட்டவும் கப்பலில் ஏற்றவும் என்ன விதி என்பதை இங்குள்ள வனத்துறை தமிழிலும் விளக்கினால் பெரும் உதவியாக இருக்கும்.

திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்றளிக்கும் முறையை மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006இல் தொடங்கியது. விற்க வருபவரிடம் சான்று எங்கே, தாய்மரம் எது என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. ஆசையிருந்தால் பத்துக் கன்றை வேலியோரம் நட்டுப் பார்க்கலாம். ஆண்டுதோறும் சோறு போடும் தென்னையையும் பாக்கையும் வெட்டிவிட்டு நடுவது மட்டும் வேண்டாம்.