அடிபட்ட வண்டியை வாங்கலாமா?

மண்டியிலிருந்து சரக்கு ஏற்ற சொந்தமாக ஒரு குட்டி யானை இருந்தால் வாடகை மிச்சம். புது வண்டிக்குக் கை எட்டாத நம் வணிகர்கள் பழையதைத் தேடுகிறார்கள். "லேசான அடிதான், டிங்கரிங் பார்த்தாயிற்று" என்கிறார் தரகர். வாங்கலாமா?

அடிபட்டது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம் என்பது நம் கருத்து. கதவோ பம்பரோ நசுங்கிச் சரிசெய்திருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம். சேஸிஸ் வளைந்து வெல்டிங் வைத்த வண்டியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடக்கூடாது. அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொண்டு மேடு பள்ளத்தில் ஓட்டப்போவது நாமல்லவா! பெயின்ட் பளபளப்பில் மயங்காமல், நமக்குப் பழக்கமான மெக்கானிக்கை அழைத்துப் போய் அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளையும் கேட்டு வாங்குங்கள். நஷ்டஈடு கோராத வருடங்களுக்கு, சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை போனஸ் கழிவு உண்டு. ஒரே உரிமையாளரிடம் இருந்த வண்டிக்கு அந்தக் கழிவு நடுவில் நின்றுபோயிருந்தால், பெரிய அடி பட்டிருக்கலாம். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்த வண்டியில் இந்தத் தடயம் கிடைக்காது; அங்கே மெக்கானிக்கின் கண்ணைத்தான் நம்ப வேண்டும்.